“தூக்கிப் போடுங்க சார்!”

டி.வி. விற்கிற கடைக்குப் போய், “வீட்டில் ஒரு டி.வி.டி. பிளேயர் இருக்கிறது, இந்த டி.வி.யில் அதை எங்கே மாட்டுவது?” என்று கேட்டுப் பாருங்கள். சின்னக் கடையோ பெரிய கடையோ, பதில் ஒன்றுதான். “அதெல்லாம் இப்ப யாரு சார் பாக்கறாங்க? தூக்கிப் போடுங்க சார்.”

கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை. எங்கே மாட்டுவது என்றுதான் கேட்டோம். வைத்துக்கொள்வதா, எறிவதா என்று யோசனை கேட்கவில்லை.

நான் முப்பத்து நான்கு வருடம் புதுச்சேரி அரசு அலுவலகங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஆளை அனுப்பி வைக்கும் கலை எங்கள் வர்க்கத்துக்குத் தெரியாதது அல்ல. “நாளைக்கு வாங்க”, “செக்‌ஷன் மாறிடுச்சு”, “ஆபீசர் லீவு” எல்லாம் எங்கள் பரம்பரைச் சொத்து. ஆனால் மனுவோடு வந்தவரைப் பார்த்து, “அந்த மனுவைக் கிழித்துப் போடுங்கள்” என்று நாங்கள்கூடச் சொன்னதில்லை. இந்தக் காலத்துக் கடைக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். அதுவும் சிரித்துக்கொண்டே.

நான் சொல்ல வருவது இதுதான். நம் வயதுக்காரர்கள் வீட்டில் ‘கெட்டுப் போச்சு’ என்று பரணில் ஏற்றி வைத்திருக்கிற பிளேயர்களில் பல கெடவே இல்லை. வயர் மாறியிருக்கும், ரிமோட்டில் ஒரு பட்டன் மாறியிருக்கும், அல்லது புது டி.வி.யில் அதை மாட்டுகிற ஓட்டையையே கம்பெனிக்காரன் எடுத்துவிட்டிருப்பான். ஐந்து நிமிட வேலையைச் சொல்லிக் கொடுக்க யாருக்கும் மனமில்லாததால் நல்ல பொருள் குப்பைக்குப் போகிறது. பொருள் மட்டும் போனால் பரவாயில்லை. அதோடு என்னவெல்லாம் போகிறது என்று யோசியுங்கள்.

நம் வீடுகளில் இருக்கும் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். சினிமாவை விடுங்கள், அது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் கல்யாணம், பேரனுக்குக் காது குத்து, புதுமனை புகுவிழா, முதல் நற்கருணை, அறுபதாம் கல்யாணம் என்று எல்லாம் வீடியோக்காரர் கொடுத்த தட்டில்தான் இருக்கிறது. தொண்ணூறுகளில் எடுத்த வீடியோ கேசட்டைக்கூட 2000-க்குப் பிறகு காசு கொடுத்துத் தட்டில் ஏற்றி வாங்கி வைத்தோம். அந்தப் பந்தியில் சிரித்துக்கொண்டு இலை போடுகிறவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. சுவரில் மாலை போட்ட போட்டோவில் அவர்கள் முகம் இருக்கிறது. அவர்கள் நடை, பேச்சு, கோபித்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போடுகிற தினுசு எல்லாம் அந்தத் தட்டில் மட்டுமே இருக்கிறது. “தூக்கிப் போடுங்க” என்கிற பையனுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. அவனுக்கு வேண்டியது அடுத்த பில்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். அவர் கணவர் சொல்தா. நம் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்லுவோம். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. பிரான்சில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது அம்மாவுக்குப் பெரிய டி.வி. வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பிளேயரை மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது. கடையில் கேட்டார்கள். “பிளேயர் அவுட்டு, தூக்கிப் போடுங்கம்மா” என்று சொல்லிவிட்டார்கள். தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு பேச்சு என்னிடம் சொன்னார்.

பிளேயரில் ஒரு கோளாறும் இல்லை. டி.வி.யின் பின்பக்கம் பச்சை, நீலம், சிவப்பு என்று வரிசையாகச் சாக்கெட் இருந்தது. பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் கோடும் போட்டிருந்தது. ஒரே சாக்கெட் இரண்டு வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். பிளேயரின் மஞ்சள் வயரை அதில் சரியாகத்தான் குத்தியிருந்தார்கள். ஆனால் டி.வி.யில் சோர்ஸை ‘காம்பொனென்ட்’ என்று வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் டி.வி. பச்சை ஓட்டையிலிருந்து வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிறம் நீலத்திலும் சிவப்பிலும் தனியாக வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். அங்கே வயரே இல்லையே, நிறம் எங்கிருந்து வரும்? சோர்ஸை ‘ஏ.வி.’ என்று மாற்றினேன். அவ்வளவுதான். அறுபதாம் கல்யாணத் தட்டு ஓட ஆரம்பித்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நான் கட்டியிருந்த புடவை கலரே மறந்து போச்சு அண்ணே” என்றார்.

ஒரு பட்டன், நண்பர்களே. அந்த ஒரு பட்டனைச் சொல்லித் தராமல் “அவுட்டு” என்று தீர்ப்பு எழுதினார்களே, அதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் சொல்லாததை நாமே தெரிந்துகொள்வோம். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

முதலில் ரிமோட். நம் வீடுகளில் டி.வி. பார்ப்பது செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில். டி.வி.யோடு வந்த ரிமோட் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அட்டைப் பெட்டிக்குள் தூங்கும். பிளேயர் வேண்டுமானால் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பட்டன் அதில்தான் இருக்கிறது. ‘நோ சிக்னல்’ என்று நீலத் திரை வந்தால் பிளேயரைத் திட்டாதீர்கள். டி.வி. வேறு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான்.

அடுத்தது வயர். மஞ்சள் படம். வெள்ளை இடப்பக்க ஒலி, சிவப்பு வலப்பக்க ஒலி. ஒரு முனை பிளேயரில் ‘அவுட்’ என்று எழுதிய இடத்தில், மறு முனை டி.வி.யில் ‘இன்’ என்று எழுதிய இடத்தில். படத்தில் கோடு ஓடினாலோ, வயரைத் தொட்டால் வந்து வந்து போனாலோ, மஞ்சள் வயர் உள்ளே அறுந்திருக்கலாம். உடனே புது வயர் வாங்க ஓடாதீர்கள். மூன்று வயரும் ஏறக்குறைய ஒரே சாதிதான். இரண்டு பக்கமும் மஞ்சளுக்குப் பதில் வெள்ளையைக் குத்திப் பாருங்கள். படம் சரியாக வந்தால் குற்றவாளி வயர். பிளேயரை விடுதலை செய்துவிடலாம்.

பிறகு வந்த மெல்லிய டி.வி.க்களில் மூன்று ஓட்டைக்குப் பதிலாக இயர்போன் ஓட்டை மாதிரி ஒரே ஒரு சின்ன ஓட்டை வைத்தார்கள். அதற்கு ஒரு பக்கம் ஒற்றை முனையும் மறு பக்கம் மூன்று நிறமும் உள்ள தனி வயர் வேண்டும். அது டி.வி. பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும், பாதி வீடுகளில் தெர்மோகோலோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். வெளியே வாங்கும்போது உங்கள் டி.வி.க்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இணைப்பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் ஒலி மட்டும் இரைச்சலாக வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

படம் ஆடுகிறதா, மேலே மேலே உருண்டு ஓடுகிறதா? இரண்டு காரணம் இருக்கும். நம் நாட்டு முறை பால். 625 கோடு, வினாடிக்கு 25 படம். அமெரிக்க, ஜப்பான் முறை என்.டி.எஸ்.சி. 525 கோடு, வினாடிக்கு ஏறக்குறைய 30 படம். பிளேயர் ரிமோட்டில் ‘பி/என்’ என்று ஒரு பட்டன் இருக்கும், அல்லது செட்டிங்கில் ‘டி.வி. சிஸ்டம்’ என்று இருக்கும். பேரக் குழந்தைகள் விளையாட்டாக அதை அமுக்கியிருப்பார்கள். ‘பால்’ அல்லது ‘ஆட்டோ’ என்று வையுங்கள். இன்னொரு காரணம் ‘பி-ஸ்கேன்’ அல்லது ‘வி-மோட்’ என்கிற பட்டன். அதை அமுக்கிவிட்டால் பல பிளேயர்களில் மஞ்சள் வயரில் படம் வருவது நின்றே போகும், அல்லது கிழிந்த மாதிரி வரும். ஒலி மட்டும் நன்றாகக் கேட்கும். அதே பட்டனை ஒவ்வொரு தடவையாக, நான்கைந்து வினாடி விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு சுற்றில் படம் திரும்பி வந்துவிடும். எத்தனை பிளேயர்கள் இந்தப் பட்டனால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கல்யாண வீடியோவில் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்களா? அன்றைக்குப் பந்தி பலமாக இருந்தது வாஸ்தவம்தான், ஆனாலும் காரணம் அதுவல்ல. அந்தக் காலத்துப் படம் நாலுக்கு மூன்று என்ற அளவு. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. டி.வி. அதைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்புகிறது. ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். டி.வி. ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ அல்லது ‘ஆஸ்பெக்ட்’ என்பதில் 4:3 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், இருந்துவிட்டுப் போகட்டும். நம்மவர்கள் நம்மவர்களாகத் தெரிவார்கள்.

“என்ன செய்தாலும் படம் மங்கல்தான்” என்று சொல்வார்கள். கடைக்காரர் இதைத்தான் பெரிய ஆயுதமாக எடுப்பார். இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். டி.வி.டி. படத்தில் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 புள்ளி. இன்றைக்கு ‘ஃபோர் கே’ என்று விற்கிற டி.வி.யில் 3840, 2160. பெருக்கிப் பாருங்கள். சரியாக 20 மடங்கு. அதாவது தட்டில் இருக்கிற ஒரு புள்ளியை வைத்து டி.வி. இருபது புள்ளியை நிரப்ப வேண்டும். ஒரு கரண்டி மாவை இருபது தோசைக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? கல்லின் பெருமையா, மாவின் குற்றமா? பிளேயரை மாற்றினால் இது மாறாது. டி.வி.யில் ‘ஷார்ப்னஸ்’ என்பதை நன்றாகக் குறையுங்கள், ‘டைனமிக்’ அல்லது ‘விவிட்’ என்ற பளபளப்பை எடுத்துவிட்டு ‘மூவி’ என்று வையுங்கள், நாற்காலியை மூன்று அடி பின்னால் தள்ளிப் போடுங்கள். கண்ணுக்கு இதமாகிவிடும். பழைய வி.சி.டி. தட்டுகள் இன்னும் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். அதில் இருக்கிற புள்ளிகள் அதைவிடக் குறைவு.

இன்னும் ஒரு அடையாளம் சொல்லி வைக்கிறேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தாலோ, ஒரே இடத்தில் உறைந்து நின்றாலோ, கோளாறு தட்டில் அல்லது பிளேயரின் லென்சில். வயரைப் பிடுங்கிப் பயனில்லை. மெத்தென்ற சுத்தமான துணியால் தட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். கோடு, உருளல், நிறக்கேடு, பனி பெய்வது எல்லாம் வயர், செட்டிங் சம்பந்தப்பட்டவை. கட்டமா, கோடா என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அசல் வழக்குக்கு வருகிறேன். இப்போது வருகிற டி.வி.க்களில் பலவற்றில் மஞ்சள் ஓட்டையே இல்லை. எச்.டி.எம்.ஐ. மட்டும்தான். உங்கள் பிளேயரில் எச்.டி.எம்.ஐ. அவுட் இருந்தால் தப்பித்தீர்கள், ஒரே வயரில் படமும் ஒலியும் போய்விடும். இல்லாவிட்டால் ஒரு சின்ன மாற்றுப் பெட்டி வாங்க வேண்டும். சில நூறு ரூபாய்தான். ஆனால் ஜாக்கிரதை. இதில் இரண்டு வகை உண்டு, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றுவது, நமக்கு வேண்டியது அதுதான். இன்னொன்று எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக மாற்றுவது. மாற்றி மாட்டினால் வேலை செய்யாது. கடையில் எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். “பிளேயர் பழசு, டி.வி. புதுசு” என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். அந்தப் பெட்டிக்கு மின்சாரமும் வேண்டும், டி.வி.யின் யு.எஸ்.பி. ஓட்டையிலோ போன் சார்ஜரிலோ அதன் வாலைக் குத்தினால்தான் உயிர் வரும்.

லட்சக்கணக்கான டி.வி. செய்கிற கம்பெனிக்கு ஒரு மஞ்சள் ஓட்டை என்ன பெரிய செலவு? அதை மிச்சம் பிடித்துவிட்டு, வாங்குகிறவன் தலையில் தனிப் பெட்டிச் செலவைக் கட்டுகிறார்கள். அதுவும் அப்படி ஒரு பெட்டி இருப்பது தெரிந்தவன் தலையில். தெரியாதவன் பிளேயரையே எறிகிறான்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். வினாத்தாளை இரண்டு முறை படிக்காமல் பேனா மூடியைத் திறக்கக் கூடாது என்பார் எங்கள் முசியே. அதனால் எந்தப் பொருள் வாங்கினாலும் முதலில் ‘மோத் தாம்ப்லுவா’, அதாவது உபயோகிக்கும் முறை எழுதிய புத்தகத்தைத் தேடுவது என் வழக்கம். முன்பெல்லாம் எந்த வயர் எங்கே என்று படம் போட்டு நாற்பது பக்கத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது பெட்டியைத் திறந்தால் ஒரு மடிப்புத் தாள், அதில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு முத்திரை. போனைக் காட்டிப் படித்துக்கொள்ள வேண்டுமாம். எழுபத்தைந்து வயதுக்காரன் ஒரு கையில் போன், ஒரு கையில் வயர், வாயில் டார்ச் லைட் என்று டி.வி.க்குப் பின்னால் தலையை விட வேண்டும்.

பிரான்சைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அந்த ஊரைத் தூக்கிப் பேசுவதற்காக அல்ல. செய்ய முடியும் என்று காட்டுவதற்காக. அங்கே ‘பெரித்தெல்’ என்று ஒரு சாக்கெட் உண்டு. 21 முனை. படம், ஒலி எல்லாம் ஒரே பிளக்கில் போகும். தப்பாக மாட்டவே முடியாத வடிவம். பிளேயரை ஆன் செய்தால் டி.வி. தானாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும், சோர்ஸ் பட்டனைத் தேட வேண்டியதில்லை. இதை 1980 முதல் 2015 வரை அங்கே விற்ற எல்லா டி.வி.யிலும் கட்டாயமாக்கியிருந்தார்கள். எந்தக் கம்பெனி டி.வி., எந்தக் கம்பெனி வீடியோ என்ற கேள்வியே எழவில்லை, எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்தது. ஒரு அரசு உத்தரவு மக்களின் பல வருடத் தலைவலியைத் தீர்த்தது. அரசாங்க உத்தரவுகளைத் தட்டச்சு செய்தே தேய்ந்துபோன விரல்கள் எனக்கு. இந்த மாதிரி ஒரு உத்தரவை அடித்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

அதே பிரான்சில் 2015 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. சீக்கிரம் வேறு வாங்க வைப்பதற்காகவே ஒரு பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைத்தால் அது குற்றம். இரண்டு வருடம் சிறை, மூன்று லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். 2021 ஜனவரி முதல் டி.வி. உள்பட சில பொருட்களின் விலைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே, பழுது பார்க்க எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட வேண்டும் என்றார்கள். 2025-இல் டி.வி.க்கு அதை மாற்றி, எவ்வளவு காலம் உழைக்கும் என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடச் சொல்லிவிட்டார்கள். நம் நாட்டிலும் 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ பற்றி ஒரு குழு போட்டது, இணையதளமும் தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் நம் தெருக் கடையில் நிற்கிற பையன் காதுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பிரான்சுக்காரர்களைப் புகழ்ந்ததோடு அந்தப் பக்கத்து வயிற்றெரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நம் ஊருக்கே உரியது. பிரான்சிலிருந்து வரும் பிள்ளைகள் அன்போடு டி.வி.டி. படம் வாங்கி வருவார்கள். இங்கே போட்டால் ‘ராங் ரீஜன்’ என்று வரும். உடனே பிளேயர் சரியில்லை என்பார்கள். பிளேயர் சரியாகத்தான் இருக்கிறது. சினிமாக் கம்பெனிகள் உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்துத் தட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஐரோப்பா 2, இந்தியா 5. காசு கொடுத்து வாங்கிய தட்டு, காசு கொடுத்து வாங்கிய பிளேயர், இரண்டும் உங்களுடையது, ஆனாலும் கூடாது. தொழில்நுட்பத்தில் தடை ஒன்றும் கிடையாது. அங்கே விற்கிற தட்டும் 625 கோடுதான், நம்முடையதும் 625 கோடுதான். முழுக்க முழுக்க வியாபாரப் பூட்டு. வீட்டில் எடுத்த கல்யாணத் தட்டில் இந்தப் பூட்டு கிடையாது, ஆகவே பேத்தி கல்யாணத்தைப் பாரிசில் எடுத்திருந்தாலும் அந்தத் தட்டு இங்கே ஓடும்.

என் பேச்சைக் கேட்டுவிட்டு இளைஞர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். “எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஏத்திட்டா முடிஞ்சுது தாத்தா.” சரியான யோசனை, மறுக்கவில்லை. வீட்டில் எழுதிய தட்டுகள் சாசுவதம் அல்ல. வருடம் போகப் போக அதன் சாயம் கெட்டுப் படிக்க முடியாமல் போகும். ஏற்றி வைக்கத்தான் வேண்டும், இரண்டு பிரதியாக. ஆனால் யார் ஏற்றுவது? அந்தப் பிள்ளைகள் வாங்கும் மடிக்கணினியில் தட்டுப் போடுகிற இடமே இல்லை. போன தீபாவளிக்கு ஏற்றுகிறேன் என்று சொன்ன பேரன், வருகிற பொங்கலுக்கு என்கிறான். அவன் ஏற்றுகிற வரைக்கும் பார்ப்பதற்குப் பிளேயர் வேண்டாமா? எந்தத் தட்டில் எது இருக்கிறது, எதை முதலில் ஏற்றுவது என்று தெரிந்துகொள்ளவாவது வேண்டாமா? முதலில் ஏற்று, பிறகு எறி. எறிந்துவிட்டு ஏற்ற முடியாது.

இன்னொரு பதில், “மார்க்கெட் மாறிடுச்சு, யாரும் கேக்கறதில்ல.” கேட்கிறவர்களை எல்லாம் “தூக்கிப் போடுங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டு, கேட்பவர் இல்லை என்று கணக்கு எழுதுவது என்ன நியாயம்? மனு வாங்க மறுத்துவிட்டு, மனுவே வரவில்லை என்று ரிப்போர்ட் எழுதின மாதிரி இருக்கிறது.

ஆகவே நம் வயதுக்காரர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, பரணில் இருப்பதை இறக்குங்கள். மேலே சொன்னதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வயரோ ரிமோட்டோ தொலைந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் தேடுங்கள், பழைய சாமான்களுக்கு நடுவே அகப்படலாம். அதற்குப் பிறகும் ஓடாவிட்டால் அப்போது ‘கெட்டுவிட்டது’ என்று சொல்லுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு, டி.வி.யைச் சுவரில் மாட்ட வருகிறவரிடம், மாட்டுவதற்கு முன்பே ஏ.வி. வயரைக் குத்தி, மறு முனையைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு பின்பக்கம் கை போகாது. அவருக்கு அது அரை நிமிட வேலை, நமக்கு அரை நாள் வேலை.

மூன்று, இதுதான் முக்கியம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குகிற பொருளின் தரம், அளவு, விலை பற்றி விவரம் பெறுவது நம் உரிமை. யாரும் நமக்குச் செய்கிற தயவு அல்ல. புது டி.வி. வாங்கப் போகும்போது மகனையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போங்கள், பரவாயில்லை. கூடவே அந்தப் பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் வயரை எடுத்து மேசைமேல் வைத்து, “தம்பி, இது எங்கே மாட்டணும்னு காட்டு” என்று கேளுங்கள். காட்டினால் பில் போடச் சொல்லுங்கள். “தூக்கிப் போடுங்க” என்றால், வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.